சீனி மாத்திரை சாப்பிட்டீர்களா?

யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தது, ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எல்லோரும் "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சது" என்றுதான் சொன்னார்கள். நான் தனியாகத்தான் ஓடினேன்.

நான் படிக்கும் பார்ம் டி, மருந்துகளைப் பற்றிய ஆறு வருடப் படிப்பு. கடைசி வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி. அன்றைக்கு நானும் என் வகுப்புத் தோழியும் மருந்து ஜன்னல் பக்கத்தில் நின்று, எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். மாசமாக இருந்த இரண்டு பெண்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஊர்க்கதையில் இறங்கிவிட்டிருந்தார்கள். ஒருவருக்குக் கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை, கையில் மெட்ஃபார்மின். இன்னொருவருக்கு இரத்தக் கொதிப்பு. கையில் அதற்கான மாத்திரை. இரண்டும் ஒரே மாதிரிக் காகித உறைகள். எழுந்து போகும்போது உறை மாறிவிட்டது.

கவனித்தது அவள். "ஏடி, அங்கன பாரு, பிரஷர் அக்கா சுகர் மாத்திரையத் தூக்கிட்டுப் போறாக" என்றாள். சர்க்கரைக்கார அக்காவின் கையிலிருந்த உறையை வாங்கிக்கொண்டு ஓடியது நான்.

ஆண்டிபட்டி பஸ்ஸில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார் அந்த அக்கா. இழுக்காத குறையாக நிறுத்தி, உறையை மாற்றிக் கொடுத்தேன். கண்டக்டர் குனிந்து, "என்ன டாக்டரம்மா, பீஸ் வாங்க மறந்துட்டீகளா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்குள் யோசனை வந்துவிட்டது. இந்த அக்கா இதையே சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அபத்தமான கேள்வி இல்லை அது. அதற்கு முந்தின வாரம்தான் படித்திருந்தேன். கர்ப்பத்தில் வரும் கொடிய கொதிப்புக்கு, காலங்காலமாகச் சர்க்கரைக்குக் கொடுத்துவரும் மெட்ஃபார்மினையே சில நாடுகளில் மருத்துவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்த வகைக் கொதிப்பில் நஞ்சுக்கொடியிலிருந்து சில பொருட்கள் தாயின் இரத்தத்தில் அளவுக்கு மீறிக் கலந்து, இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. மெட்ஃபார்மின் அவற்றைக் குறைக்கலாம் என்பது ஊகம். ஏழாம் மாதத்திலேயே கொதிப்பு எகிறிவிட்டால் இன்றைக்கும் கடைசி வைத்தியம் ஒன்றுதான்: குழந்தையை வெளியே எடுத்துவிடுவது. உள்ளே இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று சொல்லப்படும் குழந்தைகள் உண்டு. அந்த ஒரு வாரத்தை வாங்கித்தரும் மாத்திரை ஒன்று இருந்து, அது நம் அப்பாக்களின் சட்டைப் பையில் ஏற்கெனவே கிடக்கும் மலிவான மாத்திரையாகவும் இருந்துவிட்டால்?

திரும்பி வரும்போது யோசனை இன்னொரு படி ஏறியிருந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே எத்தனையோ பெண்கள் சர்க்கரைக்காக இதைச் சாப்பிட்டபடி பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்குக் கொதிப்பு வந்ததா, வரவில்லையா? நேரில் போய்க் கேட்டால் என்ன?

மூச்சு வாங்க அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "கேக்கலாமே. கர்ப்பிணி அட்டையெல்லாம் வீட்லதான வச்சிருப்பாக" என்றாள். அவள் பங்கு அவ்வளவுதான். ஒன்றரை வாக்கியம்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடலூர்க்காரி. அவள் அப்பா எல்லை தாண்டி, மலையாளம் பேசும் குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறார். மதிப்பெண்ணில் நான் எப்போதும் அவளுக்கு ஒரு படி மேலே. புத்தகத்தில் இருப்பதைக் கேட்டால் என்னை முந்த அவளால் முடியாது. ஆனால் வார்டுக்குள் நுழைந்துவிட்டால் என் மதிப்பெண்ணெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். ஒரு தடவை, மலை ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் வார்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் கால்மணி நேரம் கேள்வி கேட்டேன். "ம்" என்று நான்கு முறை பதில் வந்தது. அவள் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சேச்சி, ஊணு கழிச்சோ?" என்று, சாப்பிட்டாச்சா என்பதை மலையாளத்தில் கேட்டாள். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, மருமகனைப் பற்றி, அட்டைப்பூச்சியைப் பற்றி, எந்த மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்பதைப் பற்றி எல்லாம் கொட்டிவிட்டார். நான் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். மலையாளத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் "எந்தா". அன்றைக்கு ராத்திரி போனில் மலையாளம் கற்றுத்தரும் ஆப் ஒன்றை இறக்கினேன். மூன்று நாள் தாங்கியது.

எங்கள் துறை மேடத்திடம் இருவரும் சேர்ந்தே போனோம். "யாரு யோசனை?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், "என்னோடது மேடம்" என்றேன். மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி. முதல்ல சின்னதா பண்ணுங்க. கேள்வித்தாளைத் தமிழ்ல எழுதி, ஆஸ்பத்திரி ஆய்வுக் கமிட்டியில அனுமதி வாங்குங்க. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போங்க. பிள்ளை பெத்து ரெண்டு வருஷத்துக்குள்ள இருக்கிறவங்ககிட்ட மட்டும் கேளுங்க. அந்தந்த ஊருப் பேச்சுக்குத் தகுந்த மாதிரி வார்த்தையை மாத்திக்கலாம், அர்த்தம் மாறக் கூடாது." நாங்கள் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "யாரு வேலை சுத்தமா இருக்கோ, அவ பேரு முதல்ல."

அறிக்கையில் முதல் பெயர் என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் பெயர்க்காரிதான் கமிட்டி முன்னால் நிற்பாள். அடுத்த கட்டமாக ஆஸ்பத்திரிக் கோப்புகளைத் திறந்து பார்க்கும் பெரிய ஆய்வு அவள் கையில் போகும். இரண்டாம் பெயர் என்பது கல்யாணப் பத்திரிகையில் 'மற்றும் உற்றார் உறவினர்' போல. எனக்கு முதல் பெயர் வேண்டியிருந்தது. தோற்றால்கூடப் பரவாயில்லை, அவளிடம் தோற்கக் கூடாது என்று இருந்தது.

கேள்வித்தாளை எழுதியது நான். "மெட்ஃபார்மின் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. எங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்குச் 'சீனி' என்றுதான் பேர். அப்பாவுக்குச் சீனி, பெரியப்பாவுக்குச் சீனி, கடையில் ஏலக்காய் தரம் பிரிப்பவருக்கும் சீனி. ஆகவே மூன்றாவது கேள்வியாக எழுதினேன்: 'சீனி மாத்திரை சாப்பிட்டீர்களா?' பாடப்புத்தகத் தமிழ் இல்லாமல் ஜனங்களின் பேச்சிலேயே எழுதிவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

அவள் படித்துவிட்டு, "எங்கூர்ல சுகருன்னுதான் சொல்லுவாக. நான் சுகர் மாத்திரன்னு கேட்டுக்கிறேன்" என்றாள்.

"கேட்டுக்க" என்றேன். இங்கிலீஷ் சொல்லில் கேட்கிறாள் பார் என்று மனதுக்குள் ஒரு மதிப்பெண் குறைத்தேன்.

அவள் கூடலூர்ப் பக்கம் எடுத்துக்கொண்டாள். நான் ஓடைப்பட்டி. காரணம் உண்டு: என் அண்ணன் மனைவி, எங்கள் மதினி, ஓடைப்பட்டிக்காரர். அவருடைய அம்மா வீட்டில் தங்கிக்கொள்ளலாம். கிராமச் சுகாதார நர்ஸிடம் அறிமுகம் கிடைக்கும். வெளியூர்க்காரி என்ற பேச்சு வராது.

திராட்சைக் கொத்தில் நெருங்கிய காய்களை வெட்டிக் கழிக்கிற நேரம் அது. பெண்கள் பந்தலுக்கு அடியில் கழுத்தை அண்ணாந்து கத்தரியோடு நிற்பார்கள். நான் தாளும் எழுதும் அட்டையுமாகக் கூடவே நகர்ந்து நகர்ந்து கேட்பேன். காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். அந்த விஷயத்தில் நான் சுத்தம்.

"சீனி மாத்திர சாப்புட்டீகளாக்கா?"

"சாப்புட்டேனே."

"எத்தனாவது மாசத்துல இருந்து?"

"ரெண்டு மூணு மாசத்துலயே ஆரம்பிச்சாச்சு."

"தினமுமா?"

"மூணு வேளையும். நல்லாத்தான் இருந்துச்சு. வாய்க்கு ருசியா இருக்கும்."

பக்கத்துப் பந்தலில் இருந்த பெண், "அதான் இவ ருசி கண்டு ரெண்டாவதும் உண்டாயிட்டா" என்று சொல்ல, கத்தரிகள் எல்லாம் நின்று சிரிப்பு. நானும் சிரித்தேன். 'வாய்க்கு ருசி' என்று தாளின் ஓரத்தில் எழுதினேன், ஊர்ப்பேச்சு என்று ரசித்து.

"பிரஷரு வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆத்தா. நல்ல பெரசவம்."

டிக்.

இப்படியே ஒரு வாரம். இராத்திரி மதினியின் அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து அட்டவணையில் ஏற்றுவேன். சீனி மாத்திரை சாப்பிட்டவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அவர்களில் கொதிப்பு வந்தவர்கள் அநேகமாக இல்லை. சாப்பிடாதவர்கள் பக்கத்தில்தான் கொதிப்பெல்லாம் போய் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு தெளிவான அட்டவணையை நான் பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை. சர்க்கரை உள்ள பெண்களுக்குக் கொதிப்பு கூடுதலாகத்தான் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் வரவில்லையே, மாத்திரையின் மகிமை என்று எடுத்துக்கொண்டேன். மேடத்துக்கு அனுப்பும் முன்னால் அவளுக்குத்தான் அனுப்பினேன், படமாகப் பிடித்து. கீழே, "உனக்கு எப்டி?" என்று ஒரு வரி.

அரை மணி நேரம் கழித்துக் குரல் செய்தி வந்தது. "எனக்கு ஒண்ணும் வெளங்கலடி. சாப்ட்டவுக கொஞ்சப் பேருதான். அதுல ரெண்டு அக்காவுக்கு பிரஷரும் வந்திருக்கு. ஒருத்தவுகளுக்கு ஃபிட்ஸே வந்து மதுரைக்கு எடுத்துட்டுப் போயிருக்காக. அவுக சொல்லச் சொல்ல எனக்குக் கையே ஓடல."

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன். கூடலூரில் முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்த செய்தியைக் கேட்டு, அவளுடைய அட்டவணை குழம்பிவிட்டது என்பதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை இரண்டு அட்டவணைகளையும் சேர்ப்பதற்காக அவள் போடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த ஐந்து நிமிடத்தில் அப்பாவிடம் குமுளிச் சந்தையில் ஏலக்காய் என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டிருந்தாள். அதையும் குறித்துக்கொண்டேன். அந்நேரம் மேடம் போனில் கூப்பிட்டார். சிக்னலுக்காக மாடிக்குப் போனேன். பதினைந்து நிமிடம் இருக்கும். இறங்கி வந்தபோது கூடத்தில் அவள் இல்லை. அடுப்படியில் குரல் கேட்டது.

மதினி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து தானும் உரித்துக்கொண்டிருந்தாள். மதினி பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் மதினிக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் தவறிப்போனது. இதே கொதிப்புதான். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. என்னுடைய பட்டியலிலும் மதினி இல்லை. அவருக்குத்தான் சர்க்கரை கிடையாதே, ஆகவே சேர்க்கத் தேவையில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லியிருந்தேன். அது பொய்க் காரணம். சர்க்கரை இல்லாதவர்களையும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம், எனக்கு அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

"கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறந்துச்சு" என்று மதினி சொல்லிக்கொண்டிருந்தார். "வெயில்ல நின்னதுன்னு நெனச்சுத் தண்ணியக் குடிச்சுட்டுப் படுத்துட்டேன். தல வெடிக்குது. இவுக அண்ணன் கடையில. போனு எடுக்கல. அன்னைக்கு ஏல நாளு."

"அப்புறம்க்கா?"

"தேனிக்குக் காருல போறப்பவே வயித்துக்குள்ள அசைவு கொறஞ்சு போச்சு. எனக்குத் தெரிஞ்சிருச்சு. யார்ட்டயும் சொல்லல. சொன்னா நெசமாயிரும்னு."

நான் நிலைப்படியில் நின்றேன். இதில் ஒரு சொல்கூட நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வீட்டு மதினி, எங்கள் வீட்டு அடுப்படி. கூடலூரிலிருந்து பஸ் ஏறி வந்தவளிடம் இதைச் சொல்கிறார். துக்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. பூண்டு உரிக்கிறாள். பேச்சு நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். நானாக இருந்தால் அந்த இடைவெளியில் இரண்டு கேள்வியைச் செருகியிருப்பேன்.

"டாக்டரம்மா அம்புட்டும் கேட்டாக. என்ன மருந்து சாப்ட்ட, என்ன மாத்திர சாப்ட்டன்னு" என்றார் மதினி. "நான் என்னத்தச் சாப்ட்டேன். அவுக குடுத்த சத்து மாத்திர, அப்புறம் அந்தச் சீனி மாத்திர. வேற ஒண்ணு தொட்டதில்ல."

அவள் கை நின்றது. நிமிர்ந்தாள். நான் நிற்பது அவளுக்குத் தெரியும் போல; நேராக என்னைப் பார்த்தாள். பிறகு மதினியிடம் திரும்பி, "எந்தச் சீனி மாத்திரக்கா? உங்களுக்குச் சுகர் இருந்துச்சா?" என்றாள்.

"ஐய, சுகரா. வெள்ளையா, கடுகு கணக்கா இருக்குமே, சின்ன டப்பாவுல. ஓமியோபதி. வாந்திக்கு. எங்கம்மா வீட்ல இருந்தப்ப வாங்குனது. ஓடப்பட்டியில மாசமா இருக்குறவுக அம்புட்டுப் பேரும் அதத்தான் சாப்புடுவாக. நாக்குல போட்டாக் கரஞ்சிரும், இனிப்பா இருக்கும்."

"அப்ப சுகருக்குச் சாப்புடுற மாத்திரைய உங்கூர்ல எப்டிச் சொல்லுவாக?"

"சுகர் மாத்திரன்னுதான். சீனின்னு இவுக வீட்லதான் சொல்லுவாக. கல்யாணமான புதுசுல, மாமாவுக்குச் சீனி கூடிப்போச்சுன்னு அத்த சொன்னாக. காபியிலயாக்கும்னு நெனச்சு, அடுத்த காபியில பாதியாக் கொறச்சுப் போட்டேன்." மதினி சிரித்தார். "அப்பயும் நான் செஞ்சது சரிதான்."

யாரும் கூடச் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, "ஏன் ரெண்டு பேரும் இப்டி முழிக்கிறீக?" என்றார்.

வாய்க்கு ருசி. மூன்று வேளை. இரண்டாம் மாதத்திலிருந்து. மெட்ஃபார்மினைச் சாப்பிட்டு வாய்க்கு ருசியாக இருந்தது என்று சொன்ன மனிதப் பிறவி உண்டா? வாந்தி வரும் மாதத்தில் ஆரம்பித்த மாத்திரை வாந்திக்காகத்தான் இருக்கும் என்று எந்த முதல் வருட மாணவிக்கும் தோன்றியிருக்கும். என் அழகான அட்டவணை ஓமியோபதி உருண்டைகளால் கட்டியது. கொதிப்பு வராத ஆரோக்கியமான பெண்கள் வாந்திக்கு இனிப்பு உருண்டை சாப்பிட்டிருக்கிறார்கள்; நான் அதைக் கண்டுபிடிப்பு என்று நினைத்து ஒரு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறேன். அந்த உருண்டையை மதினியும் சாப்பிட்டிருக்கிறார். அவருக்கு வந்தது.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். கம்பம் வண்டி வருவதற்குக் காத்து நிற்கும்போது அவள்தான் ஆரம்பித்தாள்.

"நான் மேடத்துட்ட எதுவும் சொல்லப் போறதில்ல. உன் டேபிளு. நீயே பாத்துக்க."

"நீ சொல்லிருவன்னு நெனச்சேன்."

"நான் சொன்னா உனக்கு வசதி. காலம் பூரா என்னையத் திட்டிக்கிட்டே இருக்கலாம்."

அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது. "பெரிய இவளாட்டம் பேசாத" என்றேன்.

"சரி, பேசல" என்று சொல்லி, வந்து நின்ற வண்டியின் ஜன்னலோர சீட்டில் பையைப் போட்டுவிட்டு, "மதினிகிட்ட நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது. கடைசி வார்த்தையும் அவளுடையதாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனில் இருந்தேன். மறுபடி கூப்பிடலாமா என்று அப்போதே கேட்டு எண் வாங்கியிருந்தது நல்லதாகப் போயிற்று. "அக்கா, அந்தச் சீனி மாத்திர பாக்குறதுக்கு எப்டி இருக்கும்?" குட்டி குட்டியா. வெள்ளையா. டப்பாவுல. ஜவ்வரிசியாட்டம். ஒரே ஒரு பெண் மட்டும், "நீளமா இருக்கும் பாப்பா, தொண்டையில எறங்காது, வயித்தப் பெரட்டும்" என்றார். அவர் வாழ்க. மற்றவர்கள் வரிசையாகக் கட்டம் மாறினார்கள். ஒவ்வொருவராக மாற்ற மாற்ற, அட்டவணை கூடலூர் அட்டவணை போலவே ஆகிக்கொண்டு வந்தது: சாப்பிட்டவர்கள் கொஞ்சம், விளங்காத முடிவு.

நடுவில் ஒரு தடவை கணினியை மூடினேன். பழைய அட்டவணை இன்னும் அழியவில்லை. அனுப்பினால் மேடம் கண்டுபிடிக்க வழியில்லை. அவளும் சொல்ல மாட்டாள், அவளே சொல்லிவிட்டாள். முதல் பெயர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. மதினி அந்நேரம் காபி கொண்டுவந்து வைத்தார். "என் கதைய எந்தக் கட்டத்துல போட்டிருக்க?" என்றார்.

"உங்களுக்குக் கட்டமே இல்ல மதினி."

"ஏன்?"

"உங்ககிட்ட நான் கேக்கவேயில்ல."

"அவ கேட்டாளே. அப்ப ஒரு கட்டம் போடு." காபித் தம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்த நெச மாத்திர இருக்குல்ல, சுகரு மாத்திர. அது நல்லதுன்னா, அடுத்த தடவ எனக்கு..." என்று நிறுத்தினார். அடுத்த தடவை என்று மதினி சொல்லி நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது மதினி. தெரியாம நீங்களா எதுவும் வாங்கிச் சாப்பிட்றாதீக. பெரிய டாக்டருக சொன்னாத்தான்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா ஆறு வருசம் படிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனார். பழைய அட்டவணை அந்தக் காபி ஆறுவதற்குள் அழிந்தது.

திங்கட்கிழமை நடந்ததை நானே சொன்னதும், மேடம் என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஓரக் குறிப்பில் விரலை வைத்தார். "வாய்க்கு ருசியா இருக்குன்னு ஒரு பொண்ணு சொல்லியிருக்கு. நீ அதை எழுதியும் வச்சிருக்க. எழுதத் தெரியுது. எழுதினதைப் படிக்கத் தெரியல." பிறகு அவளுடைய தாள்களை எடுத்தார். "இது ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னு ஒழுங்காச் சொல்லுது." முதல் பெயர் யாருக்கு என்று தனியாக அறிவிக்கத் தேவையிருக்கவில்லை.

கமிட்டி முன்னால் அவள் நின்றாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி இந்த யோசனை வந்தது என்று ஒருவர் கேட்டார். அவள் என்னைக் கைகாட்டி, "யோசனை அவளோடது சார்" என்றாள். அவர் என் பக்கம் பார்த்து, "அப்படியா, நல்லது" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்வியை அவளிடமே கேட்டார். அவள் என்னைக் காட்டாமல் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெறுப்பதற்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.

கமிட்டி ஒன்று சொல்லியிருக்கிறது: கோப்புகளைத் திறக்கும் முன், ஓடைப்பட்டியில் மறுபடி கேட்டு வர வேண்டும், புதிய கேள்வித்தாளோடு. அடுத்த அறிக்கைக்குப் பெயர் வரிசை இன்னும் போடவில்லை என்று மேடம் போகிறபோக்கில் சொன்னார். எனக்காகத்தான் சொல்லியிருப்பார்.

புதிய தாளில் மாத்திரையின் பெயரே கிடையாது. முதல் கேள்வி வாந்தியைப் பற்றி. அடுத்து, வாங்கிய மருந்தெல்லாம் எப்படி இருந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்வது. அதன் பிறகுதான் கையில் கொண்டுபோகும் இரண்டையும் காட்டுவோம்: ஒரு காலி மெட்ஃபார்மின் அட்டை, மதினி தேடி எடுத்துக் கொடுத்த உருண்டை டப்பா. அவர்கள் சம்மதித்தால் கர்ப்பிணி அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, சொன்னதோடு ஒத்துப்பார்ப்போம். கடைசியில் பெரியதாக ஒரு வெற்றுக் கட்டம், 'நடந்ததைச் சொல்லுங்கள்' என்று. அதன் முதல் தாளை மதினிக்காக நிரப்பிவிட்டேன். எங்கள் வீட்டு ஆள் என்பதால் எண்ணிக்கையில் சேராது, பின்னிணைப்பில் வைக்கலாமா என்று கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை போகிறோம், இரண்டு பேரும். தனியாகப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "அவ கேக்கட்டும், நீ எழுது" என்றார் மேடம். பேரம் பேசி ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். பந்தலோரத்து முதல் வீட்டில் நான் கேட்பேன், அவள் எழுதுவாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறாள் என்று வார்டில் இரண்டு நாள் ஒளிந்து நின்று கடிகாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அதைவிடக் கூடுதலாகச் சும்மா இருந்து பார்க்கப்போகிறேன்.